மெயின்ஃபிரேம் ஹார்டுவேர் பராமரிப்பின்போது ஸ்டோரேஜ் பாத்களைக் கையாள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேனல் கார்டு மாற்றம், ஸ்டோரேஜ் பெட்டியில் அடாப்டர் மாற்றம், ஸ்விட்ச் ஃபர்ம்வேர் என்று எந்த வேலை வந்தாலும் ஆபரேட்டர்களும் புதிதாகச் சேர்ந்த சிஸ்டம் புரோகிராமர்களும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறோம். பதில்கள் ஐபிஎம் மெயின்ஃபிரேமின் ஆப்பரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸை வைத்து எழுதப்பட்டவை. கமாண்ட்களும் மெசேஜ் எண்களும் ஒலிப்படி தரப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டுகளுக்கு ஒரே அமைப்பு: 8000 முதல் தொடங்கும் டிஸ்க் டிவைஸ்கள், எட்டு பாத். 40, 41, 42, 43 என்ற சேனல்கள் முதல் ஸ்விட்ச் வழியாகவும் 50, 51, 52, 53 இரண்டாவது ஸ்விட்ச் வழியாகவும் போகின்றன.

சேனல், சிஎச்பிஐடி, பாத்... மூணும் ஒண்ணுதானே?

இல்லை. சேனல் என்பது மெயின்ஃபிரேமிலிருந்து ஐ/ஓ (டேட்டா படிப்பது, எழுதுவது) வெளியே போகும் வழி; அது சேனல் கார்டில் ஒரு போர்ட்டாக இருக்கும். கார்டில் இருக்கும் அந்த போர்ட்டுக்கு உள்ள எண் பிசிஎச்ஐடி. அது இடத்தைக் குறிக்கிறது: எந்த டிராயர், எந்த ஸ்லாட், எந்த போர்ட். அந்த போர்ட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டம் எந்தப் பெயரால் அறிகிறதோ அதுதான் சிஎச்பிஐடி. இரண்டையும் இணைப்பது ஐஓசிடிஎஸ் என்ற ஐ/ஓ வரையறை. ஒரே பிசிஎச்ஐடியைப் பல எல்பார்கள் (ஒரே இயந்திரத்தைப் பிரித்துத் தனித்தனி சிஸ்டங்களாக ஓட்டும் பகுதிகள்) பகிர்ந்துகொள்ளும்.

பாத் என்பது ஒரு டிவைஸுக்கும் ஒரு சிஎச்பிஐடிக்கும் உள்ள உறவு. 8000-க்கு 40 வழியாக ஒரு பாத், 8001-க்கு அதே 40 வழியாக இன்னொரு பாத். ஒரு டிவைஸுக்கு அதிகபட்சம் எட்டு சேனல் பாத். ஸ்விட்ச் நடுவில் இருந்தால் ஒரே சிஎச்பிஐடி பல கன்ட்ரோல் யூனிட்களுக்கு (டிவைஸ்களை நிர்வகிக்கும் ஸ்டோரேஜ் பக்கத்துப் பகுதிகள்) போகும். இந்த வேறுபாடு மனதில் பதியாவிட்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் குழப்பும்.

எட்டு பாத் இருக்கே, ஒண்ணு போனா என்ன? கேபிளைப் பிடுங்கினா சிஸ்டமே பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளும். ஆனால் பிடுங்கிய கணத்தில் அந்த பாத்தில் ஓடிக்கொண்டிருந்த ஐ/ஓ எல்லாம் பிழையில் விழுந்து, ரெக்கவரி ஓடி, வேறு பாத்தில் மறுபடி தொடங்க வேண்டும். ஐஓஎஸ்050ஐ, ஐஓஎஸ்051ஐ என்று மெசேஜ்கள் வரும். இசட்/ஓஎஸ் வழக்கமாக பாத்தை டிவைஸ் டிவைஸாகத்தான் கழற்றும். ஒரு லாஜிக்கல் கன்ட்ரோல் யூனிட்டில் 256 டிவைஸ் வரை இருக்கும், ஒரு சேனலுக்குப் பின்னால் அப்படிப் பல யூனிட்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டால் கன்சோல் எப்படி வழியும் என்பது புரியும். அந்த வெள்ளத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய மெசேஜ் மூழ்கிப்போகும்.

இன்னொன்று, பிழையில் விழுந்த ஐ/ஓ திரும்ப ஓடும் வரை அந்த டிவைஸைக் கேட்டுக் காத்திருக்கும் எல்லோரும் நிற்பார்கள். அது டேட்டாபேஸ் லாக் வால்யூமாக இருந்தால் சில நொடித் தாமதமே ஆன்லைன் பயனர்களுக்குத் தெரியும். முன்கூட்டி பாத்தை ஆஃப்லைன் செய்தால் புதிய ஐ/ஓ அந்தப் பக்கம் போகாது, ஓடுவது முடிந்ததும் பாத் காலியாகிவிடும். ஒரே ஒரு கமாண்டில் தவிர்க்கக்கூடிய பிழையை வரவிட்டுப் பிறகு ரெக்கவரியை நம்புவது தேவையற்ற ஆபத்து.

வேலைக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும்?

முதலில், இப்போதே ஏதாவது பாத் விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்பு நேர விபத்துகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: இரண்டாவது ஸ்விட்ச் பக்கம் ஏற்கெனவே சில பாத்கள் செத்துக் கிடக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் பக்கத்தைக் கழற்றியதும் டிவைஸுக்குக் கடைசி பாத்தும் போய்விடும்.

'டி எம்=கான்ஃபிக்(00)' இதற்கு மிக நல்ல கருவி. பார்ம்லிப்பில் (சிஸ்டத்தின் அமைப்பு மதிப்புகள் இருக்கும் லைப்ரரி) உள்ள கான்ஃபிக்00 மெம்பரில் எந்த சேனல், எந்த பாத் ஆன்லைனில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தால், இப்போதைய நிலையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும். அந்த மெம்பரைக் கையால் எழுத வேண்டாம், ஹார்டுவேர் வரையறைக் கருவியான எச்சிடியே உருவாக்கித் தரும். ஐஓடிஎஃப் (எச்சிடி எழுதும் ஐ/ஓ வரையறைக் கோப்பு) மாறும்போதெல்லாம் இதையும் புதுப்பிக்க வேண்டும். பழைய மெம்பரோடு ஒப்பிட்டால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும்.

அதற்கு மேல் 'டி எம்=சிஎச்பி(40)' என்று கொடுத்து, அந்த சேனலுக்குப் பின்னால் என்னென்ன டிவைஸ் இருக்கின்றன என்று பாருங்கள். டிஸ்க் மட்டும்தான் என்று நினைத்திருப்பீர்கள், டேப்பும் சிடிசியும் (இரண்டு சிஸ்டங்களைச் சேனல் வழியாக இணைப்பது) சேர்ந்து வரலாம். அதைப் பற்றித் தனிக் கேள்வி பின்னால் இருக்கிறது. பேஜ் டேட்டாசெட், கப்புள் டேட்டாசெட் (இணைந்து இயங்கும் சிஸ்டங்கள் பகிரும் கட்டுப்பாட்டுக் கோப்பு), சிஸ்ரெஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கும் வால்யூம்), ஸ்டாண்டலோன் டம்ப் வால்யூம்கள் எந்தெந்த டிவைஸில் என்ற பட்டியலும் கையில் இருக்கட்டும். கப்புள் டேட்டாசெட்டுக்கு 'டி எக்ஸ்சிஎஃப்,கப்புள்' போதும். எக்ஸ்சிஎஃப்_சிடிஎஸ்_எஸ்பிஓஎஃப் என்ற ஹெல்த் செக் ஓடிக்கொண்டிருந்தால், அவை ஒற்றை இணைப்பை நம்பி இருக்கின்றனவா என்பதையும் அது சொல்லிவிடும்.

'டி எம்=டெவ்' காட்டுற ஒய், என் எல்லாம் எப்படிப் படிக்கிறது?

'டி எம்=டெவ்(8000)' கொடுத்தால் ஐஇஇ174ஐ மெசேஜில் ஒவ்வொரு சிஎச்பிஐடியும் ஒரு நெடுவரிசையாக வரும். கீழே என்ட்ரி லிங்க் அட்ரஸ், டெஸ்டினேஷன் லிங்க் அட்ரஸ், அதற்குக் கீழே 'பாத் ஆன்லைன்', 'சிஎச்பி பிசிகலி ஆன்லைன்', 'பாத் ஆபரேஷனல்' என்று மூன்று வரிகள். நோய் அந்த மூன்று வரிகளில்தான் தெரியும்.

40-இன் கீழே மேலிருந்து கீழாக 'என், ஒய், ஒய்' என்று இருந்தால் சேனலும் உயிரோடு இருக்கிறது, இணைப்பும் வேலை செய்கிறது, யாரோ பாத்தை மட்டும் ஆஃப்லைன் செய்திருக்கிறார்கள். நடு வரி 'என்' என்றால் இந்த எல்பாரில் சிஎச்பிஐடியே கான்ஃபிக் ஆஃப் ஆகியிருக்கிறது. கடைசி வரி 'என்' என்றால் சேனலுக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது: கேபிள், ஸ்விட்ச் போர்ட், அடாப்டர், அல்லது லிங்க் அட்ரஸ் தவறு.

'டி எம்=சிஎச்பி' இதையே குறியீடுகளில் காட்டும். கூட்டல் குறி ஆன்லைன், கழித்தல் குறி ஆஃப்லைன், டாலர் குறி பாத் ஆபரேஷனல் இல்லை, அட் குறி பாத் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. கூட்டல் குறிகளுக்கு நடுவே ஒரே ஒரு டாலர் குறி நின்றாலும் அதை விசாரிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

வேரி பாத் போடணுமா, கான்ஃபிக் சிஎச்பி போடணுமா?

எந்தப் பக்கம் கை வைக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மெயின்ஃபிரேமில் உள்ள கார்டு, அதிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் கேபிள், அந்தக் கேபிள் சொருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட் என்றால் அந்த சேனல் வழியாகப் போகும் எல்லாமே நிற்கும். அப்போது 'கான்ஃபிக் சிஎச்பி(40),ஆஃப்லைன்'.

ஸ்டோரேஜ் பெட்டியின் ஒரு அடாப்டர், அல்லது ஸ்விட்சிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் கேபிள் என்றால் அந்த ஸ்டோரேஜுக்கான பாத்களை மட்டும் கழற்றினால் போதும்: 'வேரி பாத்((8000-8099),40),ஆஃப்லைன்' என்பதுபோல. இங்கே சேனலையே ஆஃப் செய்தால் அதே 40 வழியாகப் போகும் வேறு ஸ்டோரேஜ்களுக்கும் ஒரு பாத் குறையும். காரணமில்லாமல் அவற்றையும் பலவீனப்படுத்துவானேன்?

ஒரு எல்பாரில் ஆஃப்லைன் பண்ணிட்டேன். போதாதா?

போதாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது. கான்ஃபிக் கமாண்டும் வேரி கமாண்டும் கொடுத்த எல்பாரை மட்டுமே கட்டுப்படுத்தும். அதே போர்ட்டைப் பகிரும் மற்ற எல்பார்கள் தொடர்ந்து ஐ/ஓ அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சிஸ்பிளெக்ஸுக்குள் (ஒன்றாக இணைந்து இயங்கும் இசட்/ஓஎஸ் சிஸ்டங்களின் குழு) 'ரௌட் *ஆல்,கான்ஃபிக் சிஎச்பி(40),ஆஃப்லைன்' என்று ஒரே தடவையில் அனுப்பலாம். ஆனால் எல்லா சிஸ்டத்திலும் 40 என்பது அதே போர்ட்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வேறு சேனல் சப்சிஸ்டத்திலோ வேறு இயந்திரத்திலோ 40 என்ற சிஎச்பிஐடி வேறு பிசிஎச்ஐடியைக் குறிக்கலாம். 'டி எம்=சிஎச்பி' வெளியீட்டில் பிசிகல் சேனல் ஐடி வரும், அதை வைத்துச் சரிபாருங்கள்.

சிஸ்பிளெக்ஸுக்கு வெளியே இருப்பவற்றை ரௌட் தொடாது. டெஸ்ட் எல்பார், இசட்/விஎம், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். இசட்/விஎம்மில் 'வேரி ஆஃப் சிஎச்பிஐடி 40', அல்லது 'வேரி ஆஃப் பாத் 40 ஃப்ரம் 8000-8099'. எல்பாரில் நேரடியாக ஓடும் லினக்ஸில் 'சிஎச்சிஎச்பி' கட்டளை, நிலையைப் பார்க்க 'எல்எஸ்சிஎச்பி'. எல்லாம் முடிந்தபின் சப்போர்ட் எலிமென்ட்டில் (மெயின்ஃபிரேமோடு வரும் பராமரிப்புக் கணினி) அந்த பிசிஎச்ஐடி ஸ்டாண்ட்பை என்று காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஏதோ ஓர் எல்பார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சேனல் கார்டு மாத்துற வேலைக்கு வரிசை என்ன?

ஃபிகான் (ஃபைபர் வழிச் சேனல்) எக்ஸ்பிரஸ் கார்டுகளில் 8எஸ் முதல் 32எஸ் வரை ஒரு கார்டில் இரண்டு போர்ட். பழுது ஒன்றில் இருந்தாலும் கார்டை உருவும்போது இரண்டும் போகும். ஆகவே முதல் வேலை, இரண்டாவது போர்ட்டின் சிஎச்பிஐடி எது என்று கண்டுபிடிப்பது. 40-உம் 41-உம் ஒரே கார்டில் இருந்தால் ஒரே ஸ்விட்ச் பக்கம் இரண்டு பாத் குறையும், சமாளிக்கலாம். 40-உம் 50-உம் ஒரே கார்டில் இருந்தால் இரு பக்கமும் ஒவ்வொன்று குறையும். இரண்டு பாத் மட்டுமே உள்ள டிவைஸ் அதே கார்டின் இரண்டு போர்ட்டையும் நம்பியிருந்தால் வேலையை நிறுத்துங்கள், முதலில் கேபிளிங்கைத் திருத்த வேண்டும்.

பிறகு: முன்நிலையைப் பதிவு செய்யுங்கள். இரண்டு சிஎச்பிஐடிகளையும் எல்லா எல்பாரிலும் ஆஃப்லைன் செய்யுங்கள், ஐஇஇ503ஐ மெசேஜ் ஒவ்வொன்றிலும் வந்ததா என்று பாருங்கள். 'டி எம்=டெவ்' கொடுத்து மீதி ஆறு பாத் ஒய், ஒய், ஒய் என்று நிற்பதை உறுதி செய்யுங்கள். சப்போர்ட் எலிமென்ட்டில் ஸ்டாண்ட்பை. அதன் பிறகுதான் சர்வீஸ் என்ஜினியருக்குச் சம்மதம். அவர் கேபிளைக் கழற்றும் முன் லேபிளைப் படம் எடுக்கட்டும். கழற்றிய முனைக்கு மூடி போடட்டும், திரும்பச் சொருகும் முன் இரு முனையையும் சுத்தம் செய்யட்டும். சிங்கிள்மோட் ஃபைபரின் மையம் 9 மைக்ரான்தான், ஒரு தூசி போதும் ஒளியைத் தடுக்க.

ஸ்டோரேஜ் பக்கத்து வேலைக்கும் நாமதான் பாத்தை ஆஃப் பண்ணணுமா? அது தானா பண்ணும்னு சொல்றாங்களே?

அது சியுஐஆர். கன்ட்ரோல் யூனிட்டே 'இந்த பாத்களைக் கழற்று' என்று இசட்/ஓஎஸ்ஸிடமும் இசட்/விஎம்மிடமும் கேட்கும், வேலை முடிந்ததும் 'திரும்பச் சேர்' என்று கேட்கும். டிஎஸ்8000 போன்ற பெட்டிகளில் இந்த வசதி உண்டு, ஆனால் பெட்டியில் இயக்கி வைத்திருக்க வேண்டும். இயங்குகிறதா என்று வேலைக்கு முன் சர்வீஸ் என்ஜினியரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சியுஐஆரின் அருமை என்னவென்றால் எந்த பாத் எந்த அடாப்டரில் முடிகிறது என்ற கணக்கை மனிதர் போட வேண்டியதில்லை. கடைசி பாத் என்றால் சிஸ்டம் அந்த வேண்டுகோளை மறுக்கும், வேலை அங்கேயே நிற்கும். அப்படி நின்றால் எரிச்சல்பட்டு அதை அணைத்துவிட்டு கையால் தொடரச் சொல்லாதீர்கள். எந்த எல்பார், எந்த டிவைஸ் மறுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு டெஸ்ட் எல்பாரில் என்றோ யாரோ ஆஃப்லைன் செய்து மறந்த பாத் அகப்படும்.

ஸ்டோரேஜில் ஒரு அடாப்டர் மட்டும்தான்னு சொன்னாங்க, ஆனா நாலு பாத் போச்சு. ஏன்?

ஹோஸ்ட் அடாப்டர்கள் ஐ/ஓ என்க்ளோஷருக்குள் இருக்கின்றன. என்க்ளோஷரின் பவர் சப்ளை, பேக்பிளேன் போன்றவற்றில் வேலை என்றால் அதில் உள்ள எல்லா அடாப்டரும் போகலாம். எட்டு பாத்தையும் எட்டு அடாப்டரில் போட்டு, எட்டையும் இரண்டே என்க்ளோஷரில் வைத்திருந்தால் பாதி ஒரே நேரத்தில் விழும். பாத்களைப் பிரிக்கும்போது மெயின்ஃபிரேம் டிராயர், கார்டு, ஸ்விட்ச், என்க்ளோஷர், அடாப்டர் என்று ஐந்து இடத்திலும் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்விட்சோடு நின்றுவிடுவதுதான் பொதுவான குறை.

ஒரு ஸ்விட்சையே முழுசா எடுக்கணும். மீதி நாலு பாத் தாங்குமா?

ஆர்எம்எஃப் (செயல்திறனை அளக்கும் கருவி) தரும் சேனல் ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டைப் பாருங்கள், ஆனால் வேலை நடக்கப்போகும் அதே நாள், அதே நேரத்துக்கான ரிப்போர்ட். எட்டு சேனலும் சராசரியாக 30 சதவீதம் என்றால் நான்கில் அது 60 சதவீதம் ஆகும். இரவு பேக்கப் ஓடும் நேரத்தில் எட்டும் 45 சதவீதம் என்றால் நான்கில் 90. அப்போது பிழை எதுவும் வராது, ஆனால் ரெஸ்பான்ஸ் டைமில் பெண்டிங் பகுதி ஏறி, பேட்ச் நீண்டு, காலை ஆன்லைன் தாமதமாகும். பேக்கப்பைத் தள்ளி வையுங்கள், அல்லது வேலை நேரத்தை மாற்றுங்கள்.

ஸ்விட்சை எடுக்கும்போது நான்கையும் ஒரே மூச்சில் ஆஃப் செய்ய வேண்டாம். 40, பிறகு 41 என்று ஒவ்வொன்றாக, நடுவில் சிறிது நிறுத்திப் பாருங்கள். மறைந்திருக்கும் குறை அப்போது முதல் படியிலேயே தெரியும், திரும்பவும் எளிது.

கமாண்டை சிஸ்டம் மறுக்குது. ஃபோர்ஸ் போடலாமா?

மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஆன்லைனில் உள்ள, யாரோ பயன்படுத்தும் டிவைஸுக்கு அதுதான் கடைசி பாத். அன்கண்டிஷனல், ஃபோர்ஸ் என்ற சொற்கள் அந்தப் பாதுகாப்பைத் தாண்டுவதற்கானவை. டிவைஸ் ரிசர்வில் (ஒரு சிஸ்டம் மட்டும் பயன்படுத்தும்படி பூட்டி) இருக்கும்போது ஃபோர்ஸ் போட்டால் ரிசர்வ் போய்விடும். இன்னொரு சிஸ்டம் உள்ளே நுழைந்து எழுதலாம். பாதி எழுதிய விடாக் (வால்யூமின் உள்ளடக்கப் பட்டியல்) மேல் இன்னொருவர் எழுதினால் வால்யூமே கெட்டுப்போகும். பராமரிப்பு வேலையில் ஃபோர்ஸுக்கு இடமில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

செய்ய வேண்டியது, தடுக்கும் டிவைஸைக் கண்டுபிடிப்பது. 'டி யூ,,அலாக்,8000,1' யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். 'டி எம்=டெவ்' மற்ற பாத்கள் ஏன் இல்லை என்று காட்டும். முன் சொன்ன ஒய், என் வரிகளைப் படித்து அந்த பாத்களை முதலில் மீட்டெடுங்கள்.

டிவைஸ் பாக்ஸ்டு ஆயிடுச்சு. இப்ப என்ன?

பாக்ஸ்டு என்றால் சிஸ்டம் அந்த டிவைஸுக்குப் புதிய ஐ/ஓ எதையும் அனுப்பாது, வருவதையெல்லாம் நிரந்தரப் பிழையாகத் திருப்பிவிடும். டேட்டா கெடாமல் இருக்கவே அப்படிப் பெட்டிக்குள் வைக்கிறது. முதலில் பாத்தைச் சரி செய்யுங்கள். பிறகு, பாக்ஸ் ஆன நேரத்தில் டிவைஸ் ரிசர்வில் இருந்ததா, மற்ற சிஸ்டங்கள் அதில் எழுதினவா என்று விசாரியுங்கள். அதற்குப் பிறகே 'வேரி 8000,ஆன்லைன்'. அவசரப்பட்டு ஆன்லைன் கொண்டுவந்தால் சந்தேகமான வால்யூமில் எல்லோரும் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

வேலை நடக்கும்போது வர்ற மெசேஜ்ல எதுக்குப் பயப்படணும்?

நீங்கள் கொடுத்த கமாண்டுக்குப் பதிலாக வரும் ஐஇஇ303ஐ, ஐஇஇ503ஐ சாதாரணம். ஆஃப் செய்த சேனலின் எண்ணோடு ஐஓஎஸ்050ஐ வந்தால் ஏதோ ஓர் எல்பாரில் அது இன்னும் ஆன்லைனில் இருக்கிறது, வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஆஃப் செய்யாத சேனலின் எண்ணோடு வந்தால் தவறான கேபிளைக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஐஓஎஸ்450ஈ, ஐஓஎஸ்001ஈ இரண்டும் ஒரு டிவைஸுக்கு ஒரு பாத் செயலிழந்ததைச் சொல்பவை. ஐஓஎஸ்002ஏ வந்தால் பாத் எதுவுமே இல்லை. அதற்கு மேல் காத்திருக்க எதுவும் இல்லை, கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திருப்புங்கள்.

ஐஓஎஸ்071ஐ என்பது ஐ/ஓ அனுப்பி, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது. டிஸ்க்குக்கு இயல்பான எம்ஐஎச் நேரம் (பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு) 15 நொடி, டிஎஸ்8000 தானே 30 நொடி என்று சொல்லிக்கொள்ளும். 'டி ஐஓஎஸ்,எம்ஐஎச்' உங்கள் மதிப்பைக் காட்டும். பராமரிப்புக்காக இதைக் கூட்டுவது நல்லதல்ல. பிரச்சினை தெரியவரும் நேரம்தான் தள்ளிப்போகும்.

பாத் போய்ப் போய் வருது. முழுசா செத்துட்டா பரவாயில்லையே?

சரியாகச் சொன்னீர்கள். செத்த பாத்தை சிஸ்டம் ஒருமுறை கழற்றிவிட்டு மறந்துவிடும். விட்டு விட்டு வேலை செய்யும் பாத் ஒவ்வொரு முறையும் ரெக்கவரியில் வெற்றி பெற்று, மறுபடி ஐ/ஓ வாங்கி, மறுபடி விழும். முழு கன்ட்ரோல் யூனிட்டும் மந்தமாகும். பழுதான ஒளி மாட்யூல், அழுக்கு முனை, சரியாக 'கிளிக்' ஆகாத கனெக்டர் எல்லாம் இதைச் செய்யும். இதில் யோசிக்க வேண்டாம். வேறு பாத்கள் நலமா என்று பார்த்துவிட்டு அந்த சேனலை உடனே ஆஃப்லைன் செய்யுங்கள்.

இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் இது நடக்கலாம் என்பதால் பார்ம்லிப்பின் ஐஇசிஐஓஎஸ் மெம்பரில் ரெக்கவரி வரியில் பாத்_ஸ்கோப்=சியு என்று வையுங்கள். இயல்பு மதிப்பு டிவைஸ், அதாவது ஒவ்வொரு டிவைஸும் தனித்தனியாக அடிபட்ட பிறகே பாத் கழலும். சியு என்றால் எல்லையைத் தாண்டியதும் அந்த கன்ட்ரோல் யூனிட்டின் எல்லா டிவைஸிலிருந்தும் அந்த பாத்தை ஒரேயடியாகக் கழற்றிவிடும். எத்தனை நிமிடம் கவனிப்பது, எத்தனை பிழை வரை பொறுப்பது என்பதற்கு பாத்_இன்டர்வல், பாத்_த்ரெஷோல்ட். நடப்பு மதிப்புக்கு 'டி ஐஓஎஸ்,ரெக்கவரி'.

ஹைப்பர்ஸ்வாப் இருக்கு. பாத் வேலைக்கு முன்னாடி அதை அணைச்சு வைக்கணுமா?

முதன்மை ஸ்டோரேஜ் போனால் ஐ/ஓவை நகல் உள்ள மறு பெட்டிக்குத் தானாக மாற்றுவது ஹைப்பர்ஸ்வாப். ஒன்றிரண்டு பாத் மட்டும் கழற்றும் வேலைக்கு அதை அணைக்க வேண்டாம். நாம் எங்கோ தவறினால் காப்பாற்றப்போவதே அதுதான். 'டி எச்எஸ்,ஸ்டேட்டஸ்' கொடுத்து அது இயங்கும் நிலையில் இருக்கிறது என்று உறுதி செய்து, அப்படியே விடுங்கள். முதன்மைப் பெட்டி முழுவதிலும் நீண்ட வேலை என்றால் திட்டமிட்டு மறு பெட்டிக்கு ஸ்வாப் செய்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. ஜிடிபிஎஸ் என்ற தானியங்கி நிர்வாக மென்பொருள் ஆளும் இடத்தில் எல்லாவற்றையும் அதன் திரை வழியாகவே செய்யுங்கள்.

இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. செகண்டரி (நகல்) டிவைஸ்களின் பாத்களை யாரும் பார்ப்பதில்லை. அவை மாற்று சப்சேனல் செட்டில் இருந்தால் 18000 என்று ஐந்து இலக்கத்தில் கேட்க வேண்டும். ஓர் எல்பாரில் செகண்டரிக்கு பாத் இல்லாவிட்டால் ஸ்வாப் நேரத்தில் அந்த சிஸ்டம் மட்டும் தவிக்கும். இரண்டாவது, பிபிஆர்சி இணைப்புகள் (ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு நகல் போகும் வழிகள்). நீங்கள் மாற்றும் ஹோஸ்ட் அடாப்டரின் இன்னொரு போர்ட்டில் ரெப்ளிகேஷன் லிங்க் இருக்கலாம். அது இசட்/ஓஎஸ் பாத் அல்ல, 'வேரி பாத்' அதைத் தொடாது, 'டி எம்=டெவ்' அதைக் காட்டாது. டிஎஸ்ஓவில் சிக்வெரி கமாண்டில் பாத்ஸ் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா லிங்க்கும் போனால் ஜோடிகள் சஸ்பெண்ட் ஆகும், அதோடு ஹைப்பர்ஸ்வாப் பாதுகாப்பும் போகும்.

அந்த சேனல்ல சிடிசியும் டேப்பும் இருக்கு. டிஸ்க் மாதிரியே நடத்தலாமா?

சிடிசிக்கு முதலில் எக்ஸ்சிஎஃப் (சிஸ்பிளெக்ஸ் சிஸ்டங்கள் தமக்குள் பேசும் பகுதி) பக்கம் பாருங்கள். 'டி எக்ஸ்சிஎஃப்,பிஐ,டெவ்=ஆல்' கொடுத்தால் உள்வரும் வழிகள் தெரியும், வெளிச்செல்பவைக்கு 'பிஓ'. வேறு சேனலிலோ கப்ளிங் ஃபெசிலிட்டி (சிஸ்பிளெக்ஸின் பொது நினைவகம்) ஸ்ட்ரக்சரிலோ மாற்று வழி இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு, 'செட்எக்ஸ்சிஎஃப் ஸ்டாப்' கொண்டு அந்த வழியை முறையாக நிறுத்துங்கள், பிறகு சேனல்.

டேப்பில் எழுதும் நடுவே பாத் அறுந்தால் நிலை தெரியாமல் ஜாப் விழ வாய்ப்பு அதிகம். ஓடும் டேப் ஜாப் முடியும் வரை காத்திருங்கள். சுருக்குவழி கிடையாது.

இசட்ஹைப்பர்லிங்க் கேபிளுக்கும் இதே முறையா?

இசட்ஹைப்பர்லிங்க் என்பது ஸ்டோரேஜுக்கான தாமதம் குறைந்த இணைப்பு. அதற்கு சிஎச்பிஐடி இல்லை, பிஎஃப்ஐடி (பிசிஐ ஃபங்ஷன் எண்). 'கான்ஃபிக் பிஎஃப்ஐடி' கமாண்ட். ஸ்விட்ச் இல்லாமல் நேரடியாக, அதிகபட்சம் 150 மீட்டருக்குள் போகும் இணைப்பு அது. ஆஃப் செய்தால் ஐ/ஓ ஃபிகான் வழியாகத் தொடரும், தாமதம் மட்டும் கூடும்.

கார்டு மாத்தியாச்சு, ஆனா பாத் ஆன்லைன் வரமாட்டேங்குது.

வரிசையாகக் கீழிருந்து மேலே வாருங்கள். ஒளி வருகிறதா? சப்போர்ட் எலிமென்ட்டில் பிசிஎச்ஐடி இயங்கும் நிலையா? ஸ்விட்சில் போர்ட் ப்ளாக் ஆகியிருக்கிறதா? வேலைக்காக ப்ளாக் செய்துவிட்டு அவிழ்க்க மறப்பது சகஜம். கேபிள் அதே ஸ்விட்ச் போர்ட்டில்தான் சொருகப்பட்டதா? போர்ட் மாறினால் என்ட்ரி லிங்க் அட்ரஸ் மாறும், முன்னால் எடுத்து வைத்த 'டி எம்=டெவ்' வெளியீட்டோடு ஒப்பிட்டால் தெரியும். ஸ்டோரேஜ் பக்கத்துக் கேபிள் இடம் மாறினால் பாத் தவறான பெட்டியைத் தொடும், சிஸ்டம் அதை ஏற்காது.

'கான்ஃபிக் சிஎச்பி(40),ஆன்லைன்' கொடுத்த பிறகும் சில டிவைஸ்கள் 'என், ஒய், ஒய்' என்று நின்றால், முன்பு யாரோ 'வேரி பாத்' கொடுத்திருக்கிறார்கள். 'வேரி பாத்((8000-8099),40),ஆன்லைன்' தேவை. ஐஇஇ386ஐ வந்தால் பாத் ஏற்கப்படவில்லை, காரணம் மேலே சொன்ன வரிசையில்தான் இருக்கும்.

ஆன்லைன் வந்துடுச்சு. உடனே அடுத்த பக்கம் போகலாமா?

முதலில் எல்லா எல்பாரிலும் 'டி எம்=கான்ஃபிக்' வித்தியாசம் இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு ஒளியின் அளவு. 'டி எம்=டெவ்(8000,(40)),லிங்க்இன்ஃபோ=ரெஃப்ரெஷ்' கொடுத்தால் சேனல், ஸ்விட்ச், கன்ட்ரோல் யூனிட் போர்ட்களில் அனுப்பும், பெறும் ஒளித்திறன் டெசிபல்மில்லிவாட்டில் வரும், ஹார்டுவேர் அந்த வசதியைத் தரும் இடத்தில். அதே வகையான பக்கத்துச் சேனலோடு ஒப்பிடுங்கள். அனுப்பும் முனை நன்றாக இருந்து பெறும் முனை மட்டும் 3 டெசிபல் தாழ்ந்திருந்தால் பாதி ஒளி வழியில் தொலைகிறது. முனையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பெட்டியை மூடும் முன்னால்.

அதன்பின் உண்மையான லோடு அந்த பாத்தில் ஓட வேண்டும். ஆர்எம்எஃப்பில் 40-உம் 41-உம் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்கின்றனவா, ஹார்டுவேர் பிழைகள் பதிவாகும் லாக்ரெக்கில் புதிய பதிவு வருகிறதா என்று குறைந்தது ஓர் ஆர்எம்எஃப் இடைவெளியாவது பாருங்கள். காலியாக இருக்கும் பாத் எப்போதும் ஆரோக்கியமாகத்தான் தோன்றும்.

நடுவுல ஒரு சிஸ்டத்தை ஐபிஎல் பண்ண வேண்டி வந்தா?

'வேரி பாத்' கொடுத்தது ஐபிஎல்லில் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது) நினைவில் இருக்காது. இயங்கும் பாத் எல்லாம் ஆன்லைனாக வரும், அதாவது என்ஜினியர் கை வைத்திருக்கும் அடாப்டர் பக்கமும் ஐ/ஓ போகும். சிஎச்பிஐடி கான்ஃபிக் ஆஃப் ஆகியிருந்தால் அது ஐபிஎல்லைத் தாண்டியும் ஆஃபிலேயே இருக்கும். ஆகவே ஸ்டோரேஜ் பக்கத்து வேலையின் நடுவே ஐபிஎல் வந்தால் என்ஜினியரிடம் சொல்லிக் கையை எடுக்கச் சொல்லுங்கள், சிஸ்டம் எழுந்ததும் பாத்களை மறுபடி ஆஃப்லைன் செய்து, அதன்பின் தொடருங்கள். ஸ்விட்ச் போர்ட்டை ப்ளாக் செய்து வைத்திருந்தால் இந்தக் கவலை குறையும்.

அதே இரவில் ஐஓடிஎஃப் ஆக்டிவேட் வைத்துக்கொள்ள வேண்டாம். நீக்கப்படும் பாத்கள் ஆஃப்லைனில் இருக்க வேண்டும் என்று ஆக்டிவேட் எதிர்பார்க்கும். பராமரிப்புக்காக ஆஃப்லைனில் இருப்பவையும் அதோடு கலந்தால், தவறாக நீக்கப்பட்ட பாத்தைப் பாதுகாக்க வேண்டிய அந்த மறுப்பு வராமலே போய்விடும்.

சிபிசி டிராயரையே எடுக்கணும்னா எல்லா சேனலும் போயிடுமா?

போக வேண்டியதில்லை. சிபிசி டிராயர் என்பது பிராசஸரும் மெமரியும் இருக்கும் டிராயர், சேனல் கார்டுகள் இருப்பது ஐ/ஓ டிராயரில். ஐ/ஓ டிராயருக்கான இணைப்பு மாற்று ஃபேன்அவுட் (இரு டிராயர்களையும் இணைக்கும் கார்டு) வழியாகத் தொடரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட டிராயர் உள்ள இயந்திரத்தில், மீதி டிராயர்களில் போதிய பிராசஸரும் மெமரியும் இருந்தால் என்ஹான்ஸ்டு டிராயர் அவெய்லபிலிட்டி முறையில் ஓடும்போதே எடுக்கலாம். ஹார்டுவேர் நிர்வாகக் கன்சோலான எச்எம்சியில் அதற்கான தயாரிப்புப் பணியை முதலில் ஓட்டினால் எந்த வளங்கள் தடுக்கின்றன என்று பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் வரும் ஒவ்வொரு பிசிஎச்ஐடியையும் இதே முறையில் எல்லா எல்பாரிலும் ஆஃப்லைன் செய்ய வேண்டும். பட்டியலை வேலை நாளுக்குச் சில நாள் முன்பே ஓட்டிப் பாருங்கள். ஒற்றை பாத் டிவைஸ் ஏதாவது அகப்பட்டால் கேபிள் இழுக்க நேரம் வேண்டும்.